மணிக்கு அறுநூறு ரூபாய்

பொம்மசந்திராவில் மெட்ரோவை விட்டு இறங்கினால்
ஆஸ்பத்திரிச் சுவரோரம் மரவள்ளிக்கிழங்கு வண்டி.
கிழங்கை ஒதுக்கிவிட்டு
இலையைக் கட்டுக் கட்டாக விற்றுக்கொண்டிருந்தால்
புரிந்துகொள்வேன்,
கின்ஷாசாவிலிருந்தோ பிரசாவிலிலிருந்தோ
ஆட்கள் வந்திருக்கிறார்கள்.
இன்று எனக்கு வேலை உண்டு.

நான் முத்தியால்பேட்டைக்காரி.
புதுச்சேரியில் லிசேயில் படித்த பிரெஞ்சு
பெங்களூரில் உறுப்பு உறுப்பாக விலைபோகிறது:
சிறுநீரகக் கல், கருப்பைக் கட்டி, மாற்று மூட்டு.
மணிக்கு அறுநூறு ரூபாய்.
சாப்பாடு நம்முடையது.

நாலாம் மாடி, பதினேழாம் கட்டில்.
பாஸ்கால் ஒகெம்பா,
காங்கோவில் ஓட்சாலா காட்டின் காவலர்.
இடது தொடைக்குள் ஒரு குண்டு
எட்டு மாதமாகக் குடியிருக்கிறது.

துப்பாக்கிக் காயமென்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும்.
ஹெப்பகோடியிலிருந்து வந்த ஏட்டு
தொப்பியை மடியில் கவிழ்த்துக்கொண்டு கேட்டார்:
"எந்த ஸ்டேஷன் லிமிட்?"
கேட்டுச் சொன்னேன்.
லெக்கோலி ஆறு வளைகிற இடம்.
அதைத் தாண்டி ஒரு பாய்.
"பாயா?"
பாய்தான்.
காட்டு நடுவில் மரமில்லாத ஈரவெளிக்கு
அங்கே அதுதான் பெயராம்.
இரவெல்லாம் யானைகள் வந்து
சேற்றுக்குள் துதிக்கையைச் செருகி உப்பு உறிஞ்சுமாம்.
யாரோ விரித்துப் போட்டு
சுருட்ட மறந்துபோன பாய்.
ஏட்டு எழுதிக்கொண்டார்: லிமிட்டுக்கு வெளியே.

டாக்டர் ஹெக்டே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி
எப்படி நடந்தது கேளுங்கள் என்றார்.
எனக்காக அவர் மெதுவாகத்தான் சொன்னார்.
வெடிச்சத்தம் கேட்டு ஓடினோம்.
நாங்கள் போவதற்குள்
தெஃபான்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டார்கள்.
நான் சொன்னேன்:
"இவர்களுடைய பாதுகாப்பைப் பறித்துவிட்டார்களாம்."
டாக்டர் தலையாட்டினார்.

ஒகெம்பா என் முகத்தைப் பார்த்தார்.
தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி
இரண்டு சுட்டுவிரல்களை உதட்டோரங்களில் வைத்து
கீழ்நோக்கி நீட்டினார்,
வளைக்காமல். அந்தக் காட்டு யானைகளுக்கு
அப்படி நேராகத்தான் இருக்குமாம்.

பதினாறு வருடமாகச் சோறு போடும் மொழி.
தந்தத்துக்கும் தற்காப்புக்கும்
அதில் ஒரே சொல் என்பது
அந்த விரல்களைப் பார்த்துத்தான் உறைத்தது.
மன்னிப்புக் கேட்டேன்.
"தப்பொன்றும் சொல்லவில்லையே" என்றார்.

பிறகு, மயக்க ஊசிக்குக் காத்திருந்த நேரத்தில்,
உங்கள் மொழியில் அதற்கு என்ன பெயர்?
தந்தம்.
அப்படியென்றால்?
பல் என்று சொல்லி முடித்திருக்கலாம்.
என் வாயில் வந்தது வேறு:
கொடுத்தோம் என்று சொல்வதுபோல் கேட்கும்.
அவர் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"யார் கொடுத்தது?"

மூன்று மணி நேரம்.
குண்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள்
புளியங்கொட்டை அளவுக்குக் கிடந்தது.
ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று கெஞ்சினார்.
யானையின் பக்கத்தில் பொறுக்கியவற்றோடு
ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.
முடியாது, கேஸ் சொத்து.
ஏட்டு அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்.
இனி அது ஹெப்பகோடி ஸ்டேஷன் அலமாரியில்
திருட்டுச் செல்போன்களுக்கு நடுவே இருக்கும்.

"அவரிடம் சொல்லுங்கள்" என்றார் ஒகெம்பா,
நாக்கு இன்னும் தடித்திருந்தது,
"இதன் ஜோடி அந்த யானையின் தலைக்குள் இருக்கிறது."

எனக்குத் தெரிந்தது பஸ் கண்டக்டரோடு சண்டைபோடும் கன்னடம்.
அவ்வளவையும் அதில் அடைக்க முடியவில்லை.
"இன்னொந்து இதெ" என்றேன். "ஆனெ ஒளகெ."
ஏட்டு சட்டென்று நிமிர்ந்தார்.
"எல்லி?"
எங்கே என்கிறார் என்றேன்.

ஒகெம்பா கையை உயர்த்தி
ஜன்னலுக்கு வெளியே மேற்கைக் காட்டினார்.
அந்தத் திசையில்தான்
கட்டடங்கள் முடிகிற இடத்தில்
பன்னேர்கட்டா காடு புகைபோலத் தெரியும்.

ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.
புதுப் பக்கம் திருப்பி
தேதி போட ஆரம்பித்தார்.
நான் திருத்தவில்லை.